அம்மாவின் சீட்டுக் கொப்பியும் மூன்று பாடங்களும்



இந்தக் கிழமைப் பொட்காஸ்டில் படிப்பைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் கடைசிப் பத்து நிமிடமும் ஓட்டமாக ஓடி முடித்தது கேட்டவர்களுக்குத் தெரியும். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். கேட்காதவர்களுக்கும் இது தனியாக விளங்கும். ஒரு பேனையும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

உங்களிடமிருந்து வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அண்ணா, அபிட்டூர் முடியப் போகுது. இன்ஃபோர்மாட்டிக் படிக்கிறதோ, பே-வே-எல் படிக்கிறதோ? எக்கொனொமி பிடிக்கும், ஆனால் வேலை கிடைக்குமோ தெரியேல்லை."

யாழ்ப்பாணத்தில் என் மச்சாள் ஒருத்தி உயர்தரத்துக்குக் கணக்கியல், பொருளியல், தகவல் தொழினுட்பம் மூன்றையும் ஒன்றாக எடுத்துப் படிக்கிறாள். அவளுக்கு இது ஒரே மேசையில் கிடக்கிற மூன்று புத்தகம். இங்கே வளர்ந்த எங்களுக்கோ இது மூன்று வேறு கட்டடம். ஒன்றுக்குள் போனால் மற்ற இரண்டின் வாசலையும் மறந்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தனி இன்ஃபோர்மாட்டிக் படித்தேன். விருப்பப் பாடமாகக் கணக்கியல் எடுக்கலாம் என்று இருந்தபோது, "அது புத்தகக்காரர் வேலை" என்று சொல்லித் தள்ளினேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நான் கட்டின விலை 1,600 யூரோ. அந்தக் கதையை வைத்தே இன்றைய பாடம்.

1,600 யூரோ போன கதை

2018 ஜூலையில் சம்பள வேலையை விட்டு, ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் எழுதத் தொடங்கினேன். ஒரு மாதத்துக்கு 5,000 யூரோவுக்கு பில் போட்டால் அதன் மேல் 19% விற்பனை வரி சேர்த்து 5,950 வங்கிக்கு வரும். அந்த 950 என்னுடையது இல்லை என்று தெரியும். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினேன். மிச்சம் 5,000 முழுக்க என் காசு என்று நினைத்தேன்.

சம்பளத்தில் இருந்தவரைக்கும் வருமான வரியை முதலாளி பிடித்துக்கொண்டுதான் தந்தார். இப்போது பிடிக்க ஆள் இல்லை. முதல் வருடம் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. காசு இருந்தது, செலவழித்தேன். வீட்டுக் கடனில் கொஞ்சம் கட்டினேன், தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை.

2019 ஓகஸ்டில் வரி அலுவலகத்துக் கடிதம் வந்தது. முந்தின வருட வருமான வரி 9,000 யூரோ, ஒரு மாதத்துக்குள். அதோடு இந்த வருடத்துக்கான முற்பணம் செப்டெம்பர் 10 அன்று 2,250, டிசம்பர் 10 அன்று இன்னொரு 2,250. புதிதாகச் சுயதொழில் தொடங்குகிற ஆளுக்கு இந்நாட்டில் இது எல்லோரும் விழுகிற குழி: போன வருட வரியும் இந்த வருட முற்பணமும் ஒரே நேரத்தில் வரும். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில்.

செப்டெம்பர் பத்துக்குள் 11,250 வேண்டும். கையில் இருந்தது 4,000 சொச்சம். அம்மாவிடம் போனேன்.

அம்மா டோர்ட்முண்டில் சீட்டுப் பிடிக்கிறவ. சின்ன வயதில் உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்: ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி, மேசையில் காசு, ஒரு கொப்பி. அப்போது அவவின் சீட்டில் பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 1,000 யூரோ, பத்து மாதம். மொத்தம் 10,000. முதல் மாதம் சீட்டுப் பிடிக்கிறவ எடுப்பா. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். ஆர் கூடக் கழிவு கூறுகிறாரோ அவருக்குச் சீட்டு. அந்தக் கழிவை, இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளுவார்கள். எடுத்தவர் அதற்குப் பிறகு முடியும்வரை முழுக்காசு கட்ட வேண்டும்.

நானும் அதில் ஒரு ஆள். இரண்டாம் மாத ஏலத்தில் 1,600 யூரோ கழிவு கூறி எடுத்தேன். மற்ற எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 200 குறைந்தது. எனக்கு வந்தது 8,400. அந்த மாதத்துக்கான என் பங்கு 1,000 போக, கையில் நின்றது 7,400. வரி கட்டியாயிற்று, நிம்மதி என்று எழும்பினேன்.

அம்மா கொப்பியை மூடாமல் கேட்டா: "எத்தினை வீதத்துக்குக் கடன் எடுத்திருக்கிறாய் எண்டு தெரியுமோ?"

"இது கடன் இல்லையே அம்மா, சீட்டுத்தானே."

"நீ கம்பியூட்டர் படிச்சனி. கணக்கைப் போட்டுப் பார்."

அம்மா ஊரில் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்தவ. பரீட்சையும் எழுதினவ. அதற்குப் பிறகு நாட்டு நிலைமையால் பல்கலைக்கழகம் நடக்கவில்லை. இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் சமையலறையில் வேலை. அந்தப் படிப்பு அவவிடம் இந்தக் கொப்பியில் மட்டும்தான் மிஞ்சி இருந்தது. அன்றிரவு அவவும் நானும் அந்தக் கணக்கைப் போட்டோம். மூன்று பாடமும் அதற்குள் இருந்தன.

பாடம் ஒன்று: கணக்கியல் கேட்பது "என்ன நடந்தது?"

கணக்கியலின் அத்திவாரம் இரட்டைப் பதிவு. எந்த ஒரு நிகழ்வையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்: இடப்பக்கம் ஸோல், வலப்பக்கம் ஹாபன். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். 1494 இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பச்சியோலி என்ற துறவி இதை விளக்கி எழுதினார். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே செய்துவந்த முறைதான். ஐந்நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

முதலில் என் பில்லை எழுதுவோம். இடப்பக்கம்: வங்கி 5,950. வலப்பக்கம்: வருமானம் 5,000, அரசுக்குக் கொடுக்க வேண்டிய விற்பனை வரி 950. சமம். காசு ஒரே குவியலாக வந்தது. ஆனால் வலப்பக்கம் அது ஆருடையது என்று பிரித்துச் சொல்லுகிறது.

இப்போது சீட்டு. இடப்பக்கம்: வங்கி 7,400, இனி எட்டு மாதத்துக்குப் பிரித்துப் போட வேண்டிய வட்டிச்செலவு 1,600. மொத்தம் 9,000. வலப்பக்கம்: முதல் மாதம் நான் கட்டி வைத்திருந்த 1,000 திரும்பி வந்தது, இனிமேல் கட்ட வேண்டிய கடன் 8,000. மொத்தம் 9,000. சமம்.

எழுதி முடித்தவுடன் "இது கடன் இல்லையே" என்று சொன்ன வாய் அடைத்துப் போனது. 8,000 கடன் என்று என் கையெழுத்திலேயே கிடக்கிறது.

நான் விழுந்த குழிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. என்னைப் போன்ற சுயதொழில்காரருக்குச் சட்டம் இரட்டைப் பதிவைக் கட்டாயம் ஆக்கவில்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற எளிய கணக்குப் போதும். வசதிதான். ஆனால் அந்தக் கணக்கில் இன்னும் கேட்கப்படாத கடனுக்கு ஒரு வரிசையே இல்லை. ஒவ்வொரு மாதமும் என் வருமானத்தோடு சேர்ந்து ஒரு வரிக்கடனும் வளர்ந்துகொண்டிருந்தது. அதை எழுத இடம் இல்லாததால் அது இல்லை என்று நினைத்தேன்.

"வரிக்காசை நீ உன்ரை காசெண்டு நினைச்சிட்டாய்," என்றா அம்மா. கணக்கியல் முதலாம் செமஸ்டர் முழுக்க இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

பாடம் இரண்டு: பொருளியல் கேட்பது "ஏன், என்ன விலைக்கு?"

கழிவு 1,600 என்பது 10,000 இல் 16 வீதம். "பத்து மாதத்துக்கு 16 வீதம், பரவாயில்லை" என்று மனம் சொல்லும். அது பிழை. 7,400 இல் 1,000 நான் முதல் மாதம் போட்ட என் காசு. புதிதாக வாங்கினது 6,400 மட்டும். அதற்குப் பதிலாக எட்டு மாதம், மாதம் 1,000 படி 8,000 திருப்பிக் கட்டுகிறேன். கடனும் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. எட்டு மாதமும் 6,400 என் கையில் இருக்கப் போவதில்லை. கணக்குப் போட்டால் வட்டி மாதம் 5.24%. கூட்டுவட்டியாக ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 85%.

இனித்தான் வயிற்றெரிச்சல். ஜேர்மன் வரிச் சட்டத்தில் கட்ட முடியாதவர் தவணை தள்ளிவைக்கும்படி கேட்கலாம். ஸ்டுண்டுங் என்று பெயர். காரணம் காட்ட வேண்டும், அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் வட்டி மாதம் 0.5%. அதாவது நான் கட்டினதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரு கடிதம் எழுதிக் கேட்டே இருக்கவில்லை நான். அரசாங்கத்திடம் "காசு இல்லை" என்று எழுத வெட்கம்.

பொருளியல் முதல் விரிவுரையில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது: ஒரு தெரிவின் உண்மையான விலை, அதற்காக நீங்கள் கைவிட்ட அடுத்த நல்ல தெரிவு. மற்ற வழி எது என்று தேடாதவனுக்கு விலையே தெரியாது.

ஏலத்தையும் கவனியுங்கள். சீட்டில் கூடக் கழிவு கூறுகிறவர் ஆர்? அந்த மாதம் காசு மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர். கடைசி மாதம்வரை பொறுத்திருந்து எடுக்கிறவர் மற்றவர்கள் கூறின கழிவில் லாபம் பார்க்கிறார். பத்துப் பேரும் சொந்தக்காரர், சிநேகிதர். ஆனாலும் அந்த மேசையில் ஒரு வட்டிச் சந்தை நடக்கிறது. என் அவசரத்தின் விலையை என் வாயாலேயே நான் கூறினேன்.

பெரியவர்களும் இப்படி விழுவார்கள். 2000 ஆம் ஆண்டு ஜேர்மன் அரசு மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசி அலைவரிசைகளை மைன்ஸ் நகரில் ஏலத்தில் விட்டது. ஆறு நிறுவனங்கள் சேர்ந்து கொடுத்த தொகை 50 பில்லியன் யூரோவுக்கு மேல். அதில் மொபில்கொம் மட்டும் 8 பில்லியனுக்கு மேல் கொடுத்தது. வலையமைப்பைக் கட்டி முடிக்க முடியாமல் 2003 இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த காசு திரும்பவில்லை. ஏலத்தில் வென்றவரே தோற்றவராகிற நிலைமைக்குப் பொருளியலில் "வென்றவரின் சாபம்" என்று பெயர். பொருளின் மதிப்பை எல்லோரையும் விடக் கூடுதலாகப் பிழைபட மதித்தவர்தான் பல வேளை வெல்லுகிறார்.

பாடம் மூன்று: கணினியியல் கேட்பது "எப்படி, பிழையில்லாமல்?"

மாதம் 5.24% என்ற எண் எப்படி வந்தது? நேரடியாக எழுதிவிட ஒரு சூத்திரம் இல்லை. தேடித்தான் பிடிக்க வேண்டும். இனி வருகிற எட்டு 1,000 யூரோவுக்கும் இன்றைய மதிப்பு என்ன என்று ஒரு வட்டி வீதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வட்டி கூடினால் இன்றைய மதிப்பு குறையும். எங்களுக்கு வேண்டியது 6,400.

1% வைத்தால் 7,652 வரும். கூடிப்போய்விட்டது. 10% வைத்தால் 5,335. குறைந்துவிட்டது. ஆகவே விடை நடுவில். பாதி 5.5%: 6,335. கொஞ்சம் குறைவு, வட்டியைக் குறைக்க வேண்டும். இப்போது எல்லை 1 க்கும் 5.5 க்கும் இடையில். பாதி 3.25%: 6,946. கூட. இப்படியே பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் ஒரு பத்து, பதினைந்து தரத்தில் 5.24 இல் வந்து நிற்கும். பைத்தனில் பத்து வரி. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் தேடுகிற அதே முறை. இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்துக் கிளவ்சூரும் எழுதி நல்ல புள்ளி எடுத்தவன். என் சொந்தக் கடனுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் காசை எப்படிச் சேமிப்பது. கணினியில் 0.1 ஐயும் 0.2 ஐயும் சாதாரண மிதவை எண்ணாகக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். இரண்டடி எண் முறையில் 0.1 ஐ முழுமையாக எழுத முடியாது. ஆகவே காசைச் சென்ட் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசம எண்ணுக்கென்றே உள்ள வகையைப் பாவியுங்கள். ஒரு சென்ட் வித்தியாசத்தைத் தேடி இரண்டு நாள் மினக்கெட்டிருக்கிறேன்.

மூன்றாவது, அம்மாவின் கொப்பியில் நான் பார்த்தது. அவ பேனையால் மட்டும் எழுதுவா. பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுவா. பழைய எண் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். ஏன் என்று கேட்டேன். "அழிச்சால் நாளைக்கு ஆரும் நம்பாயினம்." ஜேர்மன் வணிகச் சட்டத்தின் 239 ஆம் பிரிவும் இதையேதான் சொல்லுகிறது: ஒரு பதிவின் முதல் உள்ளடக்கம் தெரியாமல் போகும்படி அதை மாற்றக்கூடாது. பிழை என்றால் அதை நீக்கும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட வேண்டும். ஸ்டோர்னோ என்பார்கள்.

ஒரு நிறுவனத்தில் பில் தொகை ஒன்று பிழையாகப் பதிந்திருந்தபோது, தரவுத்தளத்தில் நேரே மாற்றிவிடுகிறேன் என்று வெளிக்கிட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா ஒருவர் கதிரையிலிருந்து எழும்பியே வந்து மறித்தார். அப்போது அது எனக்குப் பழைய பஞ்சாங்கமாகப் பட்டது. நாங்கள் நாளும் பாவிக்கிற கிட்டில் பிழையான ஒரு மாற்றத்தை எப்படித் திருத்துகிறோம்? பழையதை அழிக்காமல், அதற்கு எதிரான இன்னொரு மாற்றத்தைப் போடுகிறோம். அதே ஸ்டோர்னோதான்.

நாலாவது, இரட்டைப் பதிவின் இடப்பக்கம் எழுதிவிட்டு வலப்பக்கம் எழுதுமுன் மின்சாரம் நின்றால்? தரவுத்தளங்களின் விதி: இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கவில்லை என்று இருக்க வேண்டும். இந்த விதியையும் இதோடு சேர்ந்த மற்ற மூன்றையும் சேர்த்து ஏசிட் என்ற பெயரில் சொல்லுகிறோம். 1983 இல் அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் தேயோ ஹேர்டர், அன்ட்ரேயாஸ் ரொய்ட்டர் என்ற இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள். வங்கிக் கணக்கை உதாரணமாக எடுக்காமல் இந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியரை நான் இன்னும் காணவில்லை.

மூன்றும் சந்தித்த இடம்

1972 இல் ஐ.பி.எம்மில் வேலை செய்த ஐந்து பேர் அதை விட்டு வெளியே வந்து தனியாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்: டீட்மார் ஹொப், ஹாஸ்ஸோ பிளாட்னர், கிளவுஸ் ட்ஷீரா, ஹான்ஸ்-வேர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெல்லன்ரொய்தர். அதுதான் எஸ்.ஏ.பி. முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்றிங்கனில் இருந்த ஐ.சி.ஐ நைலோன் ஆலை. முதலில் விற்பனைக்குத் தயாரான மென்பொருள் நிதிக்கணக்கு, 1973 இல்.

அந்தக் காலத்தில் பல இடங்களில் கணக்கு விபரங்களைத் துளை அட்டையில் அடித்து, இரவில் மொத்தமாக ஓட்டுவார்கள். இவர்கள் பதிவு செய்கிற அந்தக் கணத்திலேயே திரையில் விடை வர வேண்டும் என்று நினைத்தார்கள். சொந்தமாகக் கணினி வாங்கக் காசில்லை. வாடிக்கையாளரின் கணினியில், அவர்களின் கட்டடத்திலேயே இருந்து எழுதினார்கள். கணக்கு எழுதுகிற ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினதும் அந்த மென்பொருள் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த மூன்றும் சேர்ந்த படிப்புக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: விர்ட்ஷாஃப்ட்ஸ்-இன்ஃபோர்மாட்டிக். 1968 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மேர்ட்டென்ஸ் பெற்ற பேராசிரியர் பதவியை இத்துறையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லுவார்கள்.

கணினி சரி என்றால் உண்மை என்று அர்த்தமா?

ஒரு எச்சரிக்கை. 2020 ஜூனில், மூனிக்குக்குப் பக்கத்தில் இருந்த வயர்கார்ட் நிறுவனத்தின் கணக்கில் 1.9 பில்லியன் யூரோவுக்கு ஆதாரம் இல்லை என்று கணக்காய்வாளர்கள் கையொப்பம் இட மறுத்தார்கள். காசு இருப்பதாகச் சொல்லப்பட்ட இரண்டு பிலிப்பைன்ஸ் வங்கிகளும் அந்த ஆவணங்கள் போலியானவை என்றன. அந்தக் காசு பெரும்பாலும் இல்லவே இல்லை என்று நிறுவனமே ஒத்துக்கொண்டது. ஜூன் 25 இல் வங்குரோத்து மனு. அப்போது ஜேர்மனியின் முதல் 30 நிறுவனப் பட்டியலாக இருந்த டக்ஸில் இருந்த நிறுவனம் அது.

கொப்பியில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கூட்டல் சரி என்று மட்டும்தான் அர்த்தம். காசு உண்மையில் இருக்கிறதா என்று கொப்பி சொல்லாது. வெளியே உள்ள ஒருவர், தன் சொந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவின் சீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. காசு கட்டுகிற போதெல்லாம் அம்மா அதில் கையொப்பம் வைப்பா. கொப்பியும் பத்து அட்டையும் ஒத்துப்போக வேண்டும். மென்பொருள் எழுதும்போது நானும் இப்போது இதைத்தான் முதலில் கேட்கிறேன்: இந்த எண்ணை வேறு எங்கே, வேறு ஆர் வைத்திருக்கிறார்கள்?

இதை வாசித்துவிட்டு ஆரும் சீட்டில் சேரப் போக வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. ஒரு ஆள் நடுவில் கட்டாமல் விட்டால் மற்றவர்கள் தலையில் விழும். இரா முழுக்க நித்திரை இல்லாமல் அம்மா இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

சரி, எதைப் படிக்கிறது?

விர்ட்ஷாஃப்ட்ஸ்-இன்ஃபோர்மாட்டிக் இளமாணி வழமையாக ஆறு செமஸ்டர், 180 புள்ளி. மன்ஹைம், மூன்ஸ்டர், மூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகம், ஏர்லாங்கன்-நூர்ன்பேர்க் எல்லாவற்றிலும் உண்டு. தொழில்முறை உயர்கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. நிரலாக்கம், தரவுத்தளம், கணக்கியல், செலவுக் கணக்கு, நுண்பொருளியல், கணிதம், புள்ளிவிபரம் எல்லாம் வரும். "கணிதம் குறைவான இன்ஃபோர்மாட்டிக்" என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் வருடத்தில் ஆட்கள் விடுபடுவது பல வேளை அங்கேதான்.

வீட்டில் காசு இறுக்கம் என்றால் இரட்டைப் படிப்பைப் பாருங்கள். பாடன்-வூர்ட்டம்பேர்க் இரட்டை உயர்கல்லூரியில் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மாறி மாறி வரும். படிக்கிற காலம் முழுக்க நிறுவனம் சம்பளம் தரும். விடுமுறை குறைவு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தனி இன்ஃபோர்மாட்டிக்தான் பிடிக்கும் என்றால் அதையே எடுங்கள், நல்ல படிப்பு. துணைப்பாடமாகக் கணக்கியலையோ பொருளியலையோ கட்டாயம் வையுங்கள். பே-வே-எல் படிக்கிறவர்கள் எஸ்.கியூ.எல் வடிவாகப் படியுங்கள். அடுத்தவர் எடுத்துத் தருகிற அட்டவணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஹாகன் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டத்துக்குப் பதியாமல் தனிப் பாடங்களை மட்டும் எடுக்கவும் அங்கே வழி உண்டு. நான் என் கணக்கியலை முப்பது வயதுக்குப் பிறகு, இரவில், தேத்தண்ணியோடுதான் படித்தேன்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரு உதாரணம். 2025 ஜனவரி 1 இலிருந்து ஜேர்மனியில் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மின்-பில்லைப் பெறக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அனுப்புவதும் படிப்படியாகக் கட்டாயமாகிறது. மின்-பில் என்றால் பீ.டி.எஃப் படம் இல்லை, கணினி வாசிக்கக்கூடிய கட்டமைப்புள்ள தரவு. அந்தக் கோப்பும் விளங்கி, அதில் உள்ள வரியும் விளங்குகிற ஆள் இருக்கிற மேசையில் இன்று வேலைக்குக் குறைவில்லை.

வீட்டுப் பயிற்சி

பன்னிரண்டு பேர், மாதம் 500 யூரோ, மொத்தம் 6,000. முதல் மாதம் சீட்டுப் பிடிக்கிறவர் எடுத்துவிட்டார். இரண்டாம் மாதம் ஒருவர் 1,000 கழிவு கூறி எடுக்கிறார். இன்னும் எடுக்காத பத்துப் பேரும் அதைப் பிரித்துக்கொள்ளுகிறார்கள். (1) அவர் கொப்பியில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். (2) அவர் புதிதாக வாங்கின கடன் எவ்வளவு? (3) மாத வட்டி வீதத்தைப் பாதி பாதியாகத் தேடும் முறையில் கண்டுபிடியுங்கள். கடன் 4,000, வட்டி 4.28% என்று வந்தால் சரி. வராவிட்டால் உங்கள் கணக்கை அனுப்புங்கள், பிழையைச் சேர்ந்து தேடுவோம். வெட்டினதை அழிக்காமல் அனுப்புங்கள்.

அம்மா சமையலறை வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டா. போன மாதம் என் வருடக் கணக்கை அவவுக்கு முன்னால் வைத்தேன். வருகிற ஒவ்வொரு யூரோவிலும் வரிக்கென்று ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தா. 40 யூரோ ஒன்றைப் பிழையான இடத்தில் போட்டிருந்தேன், பிடித்துவிட்டா.

அடுத்த கிழமை சந்திப்போம்.